பாறசாலை பொன்னம்மாளும் சங்கீத விமரிசனமும்

நாகர்கோவிலில் இரயிலேறி மும்பைக்கோ மங்களூருக்கோ பிழைப்பை நாடிச் சென்ற தமிழர்களுக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்னும் பெயர்கள் புதியவை அல்ல. குழித்துறையைத் தாண்டிச் சிறிது நேரத்திற்கெல்லாம் பாறசாலை வந்துவிடும். அங்கே தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளம் தொடங்குகிறது. தென்னந்தோப்பும் மரச்சீனித் தோட்டமும் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றேபோல் காணப்படும். நிலையப் பலகையில் முதலிடம் பெறும் எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கும்.

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையும் அதனுள் அடங்கியது. அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் பெயராமலேயே, வேறு மாநிலத்துத் தமிழர் ஆயினர்.

இந்த வழியே ஆண்டுதோறும் வேறொரு பயணமும் நடைபெறுகிறது. நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமீது எழுந்தருளுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக வந்து, நெய்யாற்றின்கரையில் இரண்டாம் இரவு தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் கலைமகளை எழுந்தருளச் செய்து, ஒன்பது மாலைகள் அவள் திருமுன் சங்கீதக் கச்சேரி நடத்துவது மரபு.

அம்மண்டபத்தில் பாடும் பேறு தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கே உரியதாக இருந்தது. கலைக்குத் தெய்வம் ஒரு பெண். ஆயினும் அவள் முன் அமர்ந்து பாடப் பெண்ணுக்கு இடமில்லை. 2006 ஆம் ஆண்டு நவராத்திரியில் இந்த வழக்கம் முடிவுற்றது. அன்று அங்கே முதன்முதலாகப் பாடிய பெண்மணி, கலைமகள் ஆண்டுதோறும் கடந்து வரும் அதே பாறசாலையில் பிறந்தவர். பாறசாலை பொன்னம்மாள் என்று இசையுலகம் அறிந்த அவருக்கு அப்போது 81 வயது நிறைந்திருந்தது.

நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது அவருடைய வரலாற்றை மட்டும் அன்று. 81 வயது வரை அவருடைய இசை எங்கே இருந்தது? விமரிசகர்கள் அதை எப்போது கேட்டனர்? கேட்ட பின் எவ்வாறு மதிப்பிட்டனர்? ஒலிப்பதிவுகள் அவரை நமக்கு எந்த அளவுக்குக் காட்டுகின்றன. எந்த அளவுக்கு மறைக்கின்றன? இவை ஒரு வித்வாம்சினியைப் பற்றிய கேள்விகளாகத் தொடங்கினாலும், முடிவில் ரசிகர்களாகிய நம்மைப் பற்றிய கேள்விகளாகவே வந்து நிற்கக் காண்போம்.

பொன்னம்மாள் 1924 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் பாறசாலையில் மகாதேவ ஐயருக்கும் பகவதி அம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். ஏழாம் வயதில் பரமுபிள்ளை பாகவதரிடம் பாடம் தொடங்கியது. 1939 இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் பெயரால் இசைக் கலாசாலை ஏற்பட்டது; அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். நெல்லைச் சீமையிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் வந்த இவ்விரு மேதைகளும் கேரளத்து இசைக் கல்விக்கு அடித்தளம் இட்டவர்கள். அக்கலாசாலையில் சேர்ந்து பயின்ற முதல் பெண் பொன்னம்மாள். கானபூஷணம், கானப்பிரவீணா என்னும் இரு தேர்வுகளிலும் அவர் முதன்மையாகத் தேறினார்.

பதினைந்தாம் வயதிலேயே திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இசையாசிரியை ஆனார். பின்னர்த் தாம் பயின்ற இசைக் கலாசாலையிலேயே ஆசிரியப் பணி ஏற்ற முதல் பெண் என்ற பெயரும் பெற்றார். அதன்பின் திருப்பூணித்துறை ஆர். எல். வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர் ஆனார். இவ்வாறு அவருடைய வாழ்வில் ‘முதல் பெண்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இவை யாவும் வகுப்பறைக்குள் நிகழ்ந்தவை. வகுப்பறைக்கு விமரிசகர் வருவதில்லை.

சங்கீத விமரிசனம் நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்றுக் கவனித்தால் இதன் பொருள் விளங்கும். தமிழில் கச்சேரி விமரிசனத்தைச் சாதாரண வாசகனும் விரும்பிப் படிக்கும் இலக்கியமாக ஆக்கியவர் கல்கி. 1930களில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய கட்டுரைகளுக்காகவே பத்திரிகையை எதிர்பார்த்தோர் உண்டு. பின்னாளில் சுப்புடு வந்தார். பர்மாவில் வாழ்ந்து, போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, தில்லியில் அரசுப் பணி பார்த்துக்கொண்டே எழுதிய அவரும் நம்மைப்போல் வெளிமாநிலத்துத் தமிழரே. அவருடைய பேனாவுக்கு அஞ்சாத வித்வான் அரியர்.

எனினும் கல்கியாயினும் சுப்புடுவாயினும், விமரிசகர் என்பவர் மேடையில் அமர்ந்தவரைப் பற்றித்தான் எழுத முடியும். 1928 இல் சென்னை மியூசிக் அகாடமி தோன்றிய பின், மார்கழி மாதக் கச்சேரிகள் நாளடைவில் இசையுலகின் தலைமைச் சந்தையாயின. அந்தச் சில வாரங்களில் சென்னை மேடையில் பாடியவர் மதிப்பிடப்பட்டார். பாடாதவர் மதிப்பீட்டுக்கு வெளியே நின்றார். விமரிசகரின் மீது இதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வாறு திரண்டு வந்த விமரிசனத் தொகுதியையே ஒரு காலத்து இசையின் முழுக் கணக்காகக் கொள்வோமானால் நாம் ஏமாந்து போவோம்.

பெண்கள் நிலையில் இந்தத் தடை இரு மடங்காயிற்று. பெண் பாடகிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்வான்கள் அக்காலத்தில் இருந்தனர். இராகம் தானம் பல்லவி ஆண்களின் துறை என்று கருதப்பட்டது; டி. கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடியது பெரிய செய்தியாயிற்று. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968 இல், பெற்றவர் எம். எஸ். சுப்புலட்சுமி. புகழின் உச்சியிலிருந்தவர்க்கே இத்தனை காலம் பிடித்ததென்றால், திருவனந்தபுரத்தில் மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வானொலி அவரைக் கைவிடவில்லை. திருவனந்தபுரத்தில் 1943 இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய ஒலிபரப்பு நிலையம் 1950 இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. பொன்னம்மாளின் குரலும் வானொலி வழியே வீடுகளுக்குச் சென்றது. ஆயினும் அக்காலத்து ஒலிபரப்பின் இயல்பை நாம் மறத்தலாகாது. கலைஞர் நிலையத்திற்கு வந்து பாடுவார்; பாடும்போதே அது காற்றில் செல்லும்; பாடி முடிந்ததும் போய்விடும். காந்த நாடா அரிய பொருளாயிருந்த நாளில், பதிந்ததை அழித்து அதன்மீதே வேறொன்றைப் பதிவது உலகின் பல நிலையங்களில் வழக்கமாயிருந்தது. கேட்டவர் செவியில் தங்கியதே பதிவு. கச்சேரிக்காவது மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரக்கூடும். வானொலிப் பாட்டுக்கு அதுவும் அபூர்வம்.

இனி நவராத்திரி மண்டபத்திற்கு வருவோம். அது மற்ற சபாக்களைப் போன்றதன்று. மாலை 6 மணிக்குத் தொடங்கிய கச்சேரி 8.30 மணிக்கு முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய கீர்த்தனை ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. அன்றைய முக்கிய இராகம் அதுவே. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்பது ஒன்பது நாட்களின் வரிசை. பாடுவோர் தம் விருப்பப்படி உருப்படிகளை மாற்றி ரசிகர்களை மகிழ்விக்க வழியில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பாட்டு தேவிக்கு அர்ப்பணம். உடனிருந்து கேட்போர் மௌனமாகக் கேட்டு எழுந்து செல்வர்.

இசைக் கலைஞரும் திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவருமான இராமவர்மா அழைக்க, 2006 இல் பொன்னம்மாள் அம்மண்டபத்தில் பாடினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைக் கற்றும் கற்பித்தும் வந்த ஒருவருக்கு, அக்கீர்த்தனைகளுக்கென்றே அமைந்த மண்டபத்தின் கதவு அன்றுதான் திறந்தது. கைதட்டல் எழாத அந்த அரங்கிலிருந்துதான் அவருடைய பெயர் நாடெங்கும் பரவியது என்பது வியப்புக்குரியது.

பரவிய விதத்தைச் சற்றே ஆராய வேண்டும். பத்திரிகைகளில் முதலில் வந்தது செய்தி. நெடுங்கால மரபு முறிந்தது, முதல் பெண் பாடினார் என்பதே அதன் சாரம். அது உண்மை, சொல்லத்தக்க உண்மை. ஆயினும் செய்தி வேறு, விமரிசனம் வேறு. ‘முதல் பெண்’ என்பது கதவு திறந்ததைச் சொல்லும். உள்ளே சென்றவர் எவ்வாறு பாடினார் என்பதைச் சொல்லாது. அடுத்தபடியாக வந்த புகழ்ச்சி வயதைப் பற்றியது. ‘இத்தனை வயதில் இப்படிப் பாடுகிறாரே’ என்று அதிசயிப்பது அன்பின் வெளிப்பாடுதான். ஆனால் அதிலும் ஒரு குறைத்து மதிப்பிடல் ஒளிந்திருக்கிறது. வயதை விலக்கிவிட்டால் அப்பாட்டில் மிஞ்சுவது என்ன என்று கேட்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது. குழந்தை மேதை என்று புகழப்படும் சிறுவர்களுக்கு நேரும் அநியாயமே, மறுமுனையில் முதியவர்க்கும் நேருகிறது.

இந்த இரு புகழ்ச்சிகளையும் தாண்டி நம்மை இசைக்கு அழைத்துச் சென்றவை ஒலிப்பதிவுகள். 2006 க்குப் பின் அவர் பாடிய கச்சேரிகள் பல பதிவு செய்யப்பட்டு, இணையத்தின் வாயிலாக எங்கெங்கோ உள்ள ரசிகர்களைச் சென்றடைந்தன. திருவனந்தபுரத்தைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவரைக் கேட்டனர். ஒரு முறை கேட்டு அதிசயித்தவர், பத்தாவது முறை கேட்கும்போது அதிசயம் தேய்ந்து இசை மட்டும் எஞ்சி நிற்கக் காண்பார். ஒலிப்பதிவின் பெரிய உபகாரம் இதுவே. வாழ்வில் ஒரே ஒருமுறை நிகழ்வதைத் திரும்பவும் கேட்கச் செய்து, முதல் மயக்கத்திலிருந்து நம்மை அது விடுவிக்கிறது.

அவ்வாறு பலமுறை கேட்கையில் நாம் உணர்வன மூன்று. முதலாவது, காலப்பிரமாணம். அவர் விரைவதில்லை. விளம்ப காலக் கீர்த்தனையை எடுத்த எடுப்பில் எந்த நடையில் தொடங்கினாரோ, அதே நடையில் முடிக்கிறார். இன்றைய மேடைகளில் பக்கவாத்தியம் சேர்ந்ததும் நடை மெல்ல ஏறிக்கொண்டே போவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது முதலில் மந்தமாகத் தோன்றலாம். சிறிது பொறுத்தால், ஒவ்வொரு சங்கதியும் தனக்குரிய இடத்தில் வந்து அமர்வது தெரியும்.

இரண்டாவது, சாகித்தியத் தெளிவு. சொல்லை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரித்தால் பொருள் கெடும் என்பதைப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் நன்கு அறிவார். சமஸ்கிருதமாயினும் மலையாளமாயினும் சொல் சிதையாமல் இராகம் செல்கிறது. மூன்றாவது, பாடாந்தரம். முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டி, வேண்டிய இடங்களில் மெட்டமைத்து, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த காலத்திலேயே அவற்றைக் கற்றவர் அவர். அவற்றில் எது பழைய மெட்டு, எது புதியது என்னும் வாதம் இன்றும் உண்டு. அந்த வாதத்தில் எக்கட்சியைச் சேர்ந்தவரும், அக்கலாசாலையின் தொடக்க நாட்களில் கீர்த்தனை எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்கு அவருடைய பதிவுகளைச் சான்றாகக் கொள்ளலாம். இரயிம்மன் தம்பி, கே. சி. கேசவபிள்ளை ஆகியோரின் பாடல்களையும் அவர் விடாது பாடிவந்தார்.

நேர்மையான விமரிசனம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எண்பதைக் கடந்த சாரீரம் நாற்பது வயதுச் சாரீரம் ஆகாது. நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. மேல் ஸ்தாயியில் நிலைத்து நிற்பது அரிதாகிறது. இவற்றைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நாம் எண்ணுவதில்லை. குறையைச் சொல்லாத இடத்தில் நிறையைச் சொல்வதற்கும் மதிப்பிருக்காது. எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்தவர்தான், சொல்லின் நடுவே அல்லாமல் சொல் முடிந்த இடத்தில் வாங்குகிறார் என்பதையும் கவனிப்பார்.

இங்கே நமக்கு ஒரு குறை நேர்கிறது. அதை விளக்க மேல்நாட்டுச் சங்கீதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காட்டலாம். கனடா நாட்டுப் பியானோ வித்வான் கிளென் கூல்டு என்பவர், பாக் இயற்றிய ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ என்னும் படைப்பை 1955 இல், தம் 22 ஆம் வயதில் இசைத்தட்டுக்காக வாசித்தார். அந்த ஒரு தட்டே அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. 1964 இல் அவர் மேடைக் கச்சேரிகளைத் துறந்து, இனி ஒலிப்பதிவுக் கூடமே தமக்கு மேடை என்று ஒதுங்கினார். 1981 இல் அதே படைப்பை மறுபடியும் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு காலமானார். முதற்பதிவு ஏறத்தாழ 38 நிமிடம். இரண்டாவது ஏறத்தாழ 51 நிமிடம். சில பகுதிகளை இருமுறை வாசித்ததும், பல பகுதிகளை மெதுவாக வாசித்ததும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

இரண்டில் எது சிறந்தது என்று மேல்நாட்டு விமரிசகர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். இளமையின் துள்ளல் உயர்ந்ததா, முதுமையின் நிதானம் உயர்ந்ததா என்று இரு தட்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுகின்றனர். அவர்களுக்கு ஒப்பிட இரண்டும் கையில் இருக்கின்றன. பொன்னம்மாளைப் பொறுத்தவரையில் ரசிகர் கைக்கு எளிதில் எட்டுபவை பெரும்பாலும் அவருடைய முதுமைக் காலத்துப் பதிவுகளே. முப்பது வயதில் அவர் தோடியை எவ்வாறு பாடினார்? அந்த நிதானம் அப்போதே இருந்ததா, வயதினால் வந்ததா? அவருடைய பிற்காலப் பாட்டைப் பற்றி விமரிசகர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திற்குப் பின்னும் இந்தக் கேள்வி நிற்கிறது. உலகம் ஒரு கலைஞரைக் காலம் தாழ்த்திக் கண்டுகொள்வதால் ஏற்படும் நட்டம் அவருக்கு மட்டும் உரியதன்று. விமரிசனத்துக்கு ஆதாரமான பாதி ஏடுகளே கிடைக்காமல் போகின்றன.

முற்காலத்துத் தட்டு கிடைத்திருந்தாலும் அது முழுச் சித்திரம் தந்திருக்குமா என்பது வேறு விஷயம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். ஒரு கீர்த்தனையை அதற்குள் அடக்க வேண்டுமானால் நடையைக் கூட்ட வேண்டும். சங்கதிகளைக் குறைக்க வேண்டும். ஆலாபனை ஒரு கோடாகச் சுருங்கும். அரியக்குடியின் காலத்து வித்வான்களைத் தட்டுகளின் வழியே மட்டும் அறிந்தவர்கள், அவர்கள் எல்லோரும் வேகமாகப் பாடியவர்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடும். நெடுநேரம் ஓடும் தட்டுகளும், நாடாவும், இன்றைய கருவிகளும் வந்த பின்னரே முழுக் கச்சேரியைப் பதிவில் கேட்க முடிந்தது. பொன்னம்மாளைப் போன்ற நிதானப் பாடகிக்கு மூன்று நிமிடத் தட்டு ஏற்ற இடமன்று. பிற்காலத்தில் பதிவானதில் அவருக்கு ஒரு நன்மையும் இருந்தது எனலாம். அவருடைய நடை வெட்டுப்படாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவருடைய இளமைக் காலத்து இசைக்கு வேறொரு சான்றும் உண்டு. அது மாணவர்களின் குரல். அவரிடம் பயின்றோர் பலர்; அவர்களுள் மெல்லிசையாலும் திரையிசையாலும் கேரளமெங்கும் அறியப்பட்ட எம். ஜி. இராதாகிருஷ்ணனும் ஒருவர். இக்கட்டுரைக்கு மிக அணுக்கமானவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். எல்லைப்புறத்து நெய்யாற்றின்கரையில் 1940 இல் பிறந்த அவர், இராமநாதபுரம் கிருஷ்ணனிடமும் பாடம் கேட்டு, திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றி, கேரளத்தின் முன்னணி வாய்ப்பாட்டு வித்வான்களுள் ஒருவராக விளங்கினார். இராமநாதபுரம் கிருஷ்ணனும் நிதானத்துக்குப் பெயர் பெற்றவர். வாசுதேவனின் பதிவுகளைக் கேட்கும்போது எது எந்தக் குருவிடமிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லல் எளிதன்று. ஆனால் அவசரமின்மை என்னும் குணம் இருபுறமிருந்தும் வந்து ஒன்று சேர்ந்ததை நாம் உணரலாம்.

இவ்விருவருக்கும் கிடைத்த சிறப்புகளின் ஆண்டுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். வாசுதேவனுக்கு மத்திய சங்கீத நாடக அகாடமி விருது 2000 இல் கிடைத்தது. பத்மஸ்ரீ 2004 இல். அவர் 2008 மே மாதம் மறைந்தார். அவருக்குக் கற்பித்த பொன்னம்மாளுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது 2017 இல். மாணவர் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளும், மாணவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளும் கழிந்த பின்னர் ஆசிரியைக்கு அதே சிறப்பு வந்து சேர்ந்தது. மாணவருடைய தகுதியில் யாருக்கும் ஐயமில்லை. தகுதியைக் காணும் கண் மேடையின் மீதே பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று. 2021 ஜூன் 22 ஆம் நாள், 96 ஆம் வயதில் பொன்னம்மாள் காலமானார்.

தாமதமாயினும் பாராட்டு வந்ததே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். ஒருவருக்கு வந்தது, மகிழ்ச்சி. அதே காலத்தில் அதே தகுதியோடு வாழ்ந்து, எண்பது வயது வரை ஆயுள் வாய்க்காமல் மறைந்த ஆசிரியைகளைப் பற்றி என்ன சொல்வது? நீண்ட ஆயுளையும் ஒருவரது அழைப்பையும் நம்பியிருக்கும் மதிப்பீட்டை நியாயமான மதிப்பீடு என்று கூற நம் மனம் ஒப்பவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை இருப்பதாகத் தோன்றுகிறது. மும்பையின் மாதுங்காவாயினும், தில்லியாயினும், கொல்கத்தாவாயினும், தமிழர் குடியேறிய இடங்களில் எல்லாம் பாட்டு வகுப்புகள் நடந்து வந்திருக்கின்றன. கூடத்தில் பாய் விரித்து, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு தலைமுறைக் குழந்தைகளுக்கு வர்ணமும் கீர்த்தனையும் சொல்லிக் கொடுத்த மாமிகளையும் பாட்டிகளையும் அறியாதவர் நம்முள் யார்? சபாவில் சென்னை வித்வான் பாடும்போது முன்வரிசைக்குப் போட்டியிடும் நாம், அவர்களைப் பாடச் சொல்லி ஒரு மாலை உட்கார்ந்து கேட்டதுண்டா? அவர்களிடம் உள்ள பாடாந்தரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததுண்டா?

முன்னொரு காலத்தில் ஒலிப்பதிவு என்பது கம்பெனிகளின் கையில் இருந்தது. இன்று அது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அமைதியான அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைச் சுருதிப் பெட்டிக்கு மிக அருகில் வைக்காமல், பாடுபவரின் முன்னே இரண்டடி தூரத்தில் வைத்தால் போதும். வருங்காலத்து ஆராய்ச்சியாளன் நன்றி சொல்லத்தக்க பதிவு கிடைத்துவிடும். பதிந்ததோடு பாடியவர் பெயர், யாரிடம் கற்றது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பனவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரும் ஆண்டும் இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதம்.

கேட்டதைப் பற்றி எழுதவும் வேண்டும். சபா மலரிலோ சங்கப் பத்திரிகையிலோ பத்து வரி எழுதினாலும் அது விமரிசனமே. ‘இந்த வயதிலும்’ என்று தொடங்காமல், என்ன பாடினார், எந்த நடையில் பாடினார், எந்த இடம் மனத்தில் நின்றது, எந்த இடம் நிற்கவில்லை என்று எழுதுவோமானால், அவரை ஒரு கலைஞராக மதித்தவர்கள் ஆவோம்.

இவ்வாண்டும் நவராத்திரிக்கு முன் கலைமகள் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படுவாள். பாறசாலை வழியே செல்வாள். நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்குவாள். அம்மண்டபத்தில் கச்சேரி முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். தெய்வத்துக்கு அந்த மௌனம் போதும். மனிதர்க்குப் போதாது, அவர்கள் இருக்கும்போதே அவர்கள் காதில் விழும்படி நாம் ஏதேனும் சொல்லியாக வேண்டும்.